ஓரெழுத்தின் விலை: பரிசுக் குறுக்கெழுத்தும் வாய்ப்புக் கணக்கும்

குறுக்கெழுத்து வயதில் இளைய விளையாட்டு. ஆர்தர் வின் என்பார் அமைத்த முதற் புதிர் 1913 டிசம்பர் 21 அன்று ‘நியூயார்க் வேர்ல்டு’ நாளிதழில் வெளிவந்தது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அது இந்திய இதழ்களை எட்டியது; பரிசுப்பணமும் அதனோடு சேர்ந்துகொண்டது. தமிழில் எஸ்.எஸ். வாசன் நடத்திய ஆனந்த விகடன் 1930களில் பரிசுக் குறுக்கெழுத்துப் போட்டியை வாசகரிடையே பரப்பியது. சென்னை இதழ்கள் மலாயாவுக்குக் கப்பலேறி வந்து, தோட்டங்களில் கைமாறிப் படிக்கப்பட்ட காலம் அது. ஆகவே இவ்வரலாறு கம்போங் குவாந்தானுக்கும் கோலசிலாங்கூர்த் தோட்டங்களுக்கும் அந்நியமானதன்று.

இத்தகைய போட்டியில் முதற்பரிசு பெறும் வாய்ப்பு எவ்வளவு? விடை மொழியின் அமைப்பில் இருக்கிறது.

நேர்மையான குறுக்கெழுத்தில் ஐயத்திற்குரிய எழுத்தைக் குறுக்கே செல்லும் மற்றொரு சொல் உறுதிப்படுத்தும். பரிசுப் போட்டிகளிலோ ஐயத்திற்குரிய எழுத்து, வேறு எச்சொல்லும் வெட்டாத தனிக் கட்டத்தில் வைக்கப்பட்டது. நாமே ஒரு குறிப்பை அமைத்துப் பார்ப்போம்: ‘மணமகனிடம் பெண்வீட்டார் முதலில் நோக்குவது: கு–ம்’. விடை குலமா, குணமா? இரண்டும் தமிழ்; இரண்டும் பொருந்தும். ஓரெழுத்தால் மட்டும் வேறுபடும் இத்தகைய இணைகளைக் கொண்டே மொழியியலார் ஒரு மொழியின் ஒலியன்களைக் கண்டறிகின்றனர். பொருளை வேறுபடுத்தும் அதே எழுத்து, இங்கே பணத்தைப் பறிக்கும் பொறியாயிற்று. சரியான விடையை அகராதி தீர்மானிக்கவில்லை. முத்திரையிட்ட உறைக்குள் இருந்த விடைத்தாளே தீர்மானித்தது.

இனிக் கணக்கைப் பார்ப்போம். இவ்வாறு ஈரடியான குறிப்பு ஒன்றாயின் இரண்டு விடைகள், இரண்டாயின் நான்கு, பத்தாயின் 1,024. பதினான்காயின் 16,384. நம் நாட்டில் அனைவரும் அறிந்த நான்கு நம்பர்க் குலுக்கில் 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் எண்களே உள்ளன. ஆகவே பதினான்கு ஐயங்கள் கொண்ட ஒரு குறுக்கெழுத்தில், ஒரேயொரு படிவம் அனுப்பியவரின் வாய்ப்பு, நான்கு நம்பரில் முதற்பரிசு பெறுவதைவிடக் குறைவு. ஆயினும் முன்னது அறிவுப் போட்டி என்று பெயர் பெற்றது. பின்னது சூது என்று பெயர் பெற்றது.

படிவங்களைப் பெருக்கினால் பயனுண்டா? பதினாறு படிவங்கள் அனுப்பினால் நான்கு ஐயங்களை முற்றும் தீர்க்கலாம். எஞ்சிய பத்துக்கு வாய்ப்பு 1,024-இல் ஒன்றே. கட்டணமோ பதினாறு மடங்கு. பலர் ஒரே விடையை எழுதிவிட்டால் பரிசும் பங்கிடப்படும். புலமை முற்றிலும் பயனற்றது என்று நாம் கூறவில்லை. ஒவ்வோர் ஐயத்திலும் பத்துக்கு ஏழு முறை சரியாகத் தேரும் ஒருவருக்குப் பதினான்கு குறிப்புகளும் பொருந்தும் வாய்ப்பு ஏறத்தாழ 147-இல் ஒன்றாக உயரும். ஆனால் குறிப்பு உண்மையிலேயே சமநிலையில் நிற்குமாயின், தமிழ்ப் பேராசிரியரும் பால்மரம் வெட்டுபவரும் ஒரே நிலையில்தான் நிற்பர்.

நீதிமன்றங்களும் இவ்வினாவையே எதிர்கொண்டன. இங்கிலாந்தில் 1935-இல் ஓடம்ஸ் அச்சகத்தின் மீதான வழக்கில், மறைந்துள்ள இலக்கை நோக்கிக் கண்மூடி எய்வதற்கு ஒப்பான இத்தகைய போட்டி குலுக்குச் சீட்டே எனத் தீர்ப்பாயிற்று. இந்தியாவில் 1955-ஆம் ஆண்டின் பரிசுப் போட்டிகள் சட்டம், எழுத்துகளையோ சொற்களையோ எண்களையோ அடுக்கிக் கூட்டும் புதிர்களுக்கான பரிசை மாதத்திற்கு மொத்தம் 1,000 ரூபாய்க்குள்ளும், நுழைவுகளை 2,000-க்குள்ளும் அடக்கியது. பெங்களூரில் வெளியான ‘ஸ்போர்ட்டிங் ஸ்டார்’ இதழின் வழியே குறுக்கெழுத்துப் போட்டி நடத்திய சமர்பாக்வாலா தொடர்பான வழக்குகளில், இந்திய உச்ச நீதிமன்றம் 1957 ஏப்ரல் 9 அன்று தீர்ப்பளித்தது. சூதின் தன்மை கொண்ட போட்டி, அரசியலமைப்பு பாதுகாக்கும் வணிகம் ஆகாது என்றது. திறனை முதன்மையாகக் கொண்ட போட்டிகளுக்கு 1955-ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தாது என்றும் பிரித்துக் காட்டியது.

இப்பிரிவினையே ஆசிரியர்களுக்கு உரிய பாடம். வகுப்பில் குறுக்கெழுத்து அமைப்போர் இரண்டைச் சோதித்தல் வேண்டும்: ஐயமுள்ள எழுத்தை வெட்டும் சொல் இருக்கிறதா? குறிப்பைப் படித்த நல்ல மாணவன் வேறு விடை எழுதினால், அது தவறு என்பதற்கு நாம் காரணம் காட்ட இயலுமா? காரணம் காட்ட இயலாத வினா தேர்வுத்தாளில் இடம்பெற்றாலும், அது மாணவனின் மொழியறிவை அளப்பதில்லை.

மாணவர்களுக்கும் ஒன்று சொல்வோம். அறிவுப் போட்டி என ஒன்று பணம் கேட்குமாயின், விடையை யார், எதைக்கொண்டு முடிவு செய்கிறார் என்று முதலில் வினவுக. பிறகு இரண்டை இரண்டால் பெருக்கத் தொடங்குக. ஒரு நாட்கூலியை இழக்குமுன் அக்கணக்கைச் செய்து முடிக்க ஒரு பென்சிலும் சில நிமிடங்களும் போதும்.