கேரம் போர்டும் வடசென்னைப் பொண்ணுங்களும்

மேனாம்பேட்டுல எங்க தெருமுனை கேரம் போர்டைச் சுத்தி எப்பவும் பசங்கதாங்க. பொண்ணுங்க வாசல்ல நின்னு பாக்கறதோட சரி.

ஆனா வரலாறு வேற மாதிரி மக்களே! சென்னைக்காரர் மரிய இருதயம் 1991, 1995-ல உலக சாம்பியன். 1996-ல அர்ஜுனா விருது. கேரமுக்குக் கிடைச்ச ஒரே அர்ஜுனா அதுதான்.

2008-ல பிரான்ஸ் நாட்டு கான் நகர்ல, நம்ம வியாசர்பாடி இளவழகி பெண்கள் ஒற்றையர் உலகப் பட்டம் ஜெயிச்சாங்க. அதே பட்டம், ஆனா அர்ஜுனா இல்ல.

2024 நவம்பர்ல அமெரிக்காவுல நடந்த உலகக் கோப்பையில காசிமாவுக்கு மூணு தங்கம். அப்பா ஆட்டோ ஓட்டுறவர். தமிழக அரசு 1 கோடி ரூபாய் கொடுத்துச்சு. பதினாறு வருஷத்துல இந்த மாற்றமாவது வந்துச்சே!

நேத்து வாசல்ல நின்ன பாப்பாவைக் கூப்பிட்டு ஸ்ட்ரைக்கரைக் கொடுத்தேன். முதல் அடியிலேயே ரெட் உள்ள!

உங்க தெருவுல எப்படிங்க?