வாடகை இல்லாத வீடு: சப்ரகமுவ லயங்களும் பழுதுபார்க்கும் கடமையும்

பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டிய நோக்கி இறங்கும் வீதியில், இறக்குவானை மலைகளின் அடிவாரத்தில் அமைந்த கொடகவெலயும் அதைச் சூழ்ந்த தோட்டங்களும் நுவரெலியாவைப் போலக் கண்ணுக்கெட்டிய தூரம்வரை தேயிலையாகவே விரிந்த நிலமாக ஒருபோதும் இருந்ததில்லை. சிங்களக் கிராமங்கள், வயல்கள், இறப்பர் நிலங்கள், சிறு உடைமையாளரின் தேயிலைத் துண்டுகள் ஆகியவற்றுக்கு இடையே இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தோட்டங்கள் கிடக்கின்றன. அத்தோட்டங்களுக்குள் பிரித்தானியர் காலத்தில் கட்டப்பட்ட லயங்கள் எனும் வரிசைக் குடியிருப்புகள் இன்றும் நிற்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பிக்காகவும், கோப்பி நோயால் அழிந்த பின் தேயிலைக்காகவும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறப்பருக்காகவும் தமிழகத்தின் மாவட்டங்களிலிருந்து கங்காணிமார் வழியே கொண்டுவரப்பட்ட குடும்பங்களின் பேரப்பிள்ளைகளும் அவர்களுக்குப் பின் வந்தோரும் அவற்றிலேயே வாழ்கின்றனர். அந்த லயங்களின் கூரை ஒழுகினால், சுவர் வெடித்தால், கான் அடைத்தால் குடியிருப்பவர் யாரிடம் கேட்கலாம், கேட்டும் நடக்காவிட்டால் என்ன செய்யலாம் என்ற கேள்விக்கு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளாகப் பல சட்டங்கள் பதில் சொல்ல முயன்றுள்ளன. அவற்றுள் ஒன்றுகூடக் குடியிருப்பவரின் கையில் நேரடியான உரிமை எதையும் கொடுத்ததாகத் தெரியவில்லை.

இதன் காரணத்தை விளங்கிக்கொள்ள, முதலில் நகரத்து வாடகைக் குடியிருப்பாளரின் நிலையைப் பார்க்க வேண்டும். இலங்கையில் வாடகை உறவுகளுக்கு அடிப்படையாக அமைந்த உரோமன் டச்சுச் சட்டம், அதாவது ஒல்லாந்தர் ஆட்சியில் வேரூன்றி ஆங்கிலேயர் காலத்திலும் தொடர்ந்த பொதுச் சட்டம், வீட்டை வாழத்தக்க நிலையில் ஒப்படைத்து அந்நிலையிலேயே பேண வேண்டியது வீட்டுக்காரரின் கடமை என்று கொள்கிறது. அறிவித்தல் கொடுத்தும் அவர் பழுது பார்க்காதபோது, இன்றியமையாத திருத்தத்தைக் குடியிருப்பவர் தாமே செய்து அச்செலவை வாடகையில் கழித்துக்கொள்ளவோ, வாடகைக் குறைப்புக் கோரவோ, பழுது கடுமையானால் ஒப்பந்தத்தை முறித்து வெளியேறவோ அச்சட்டம் இடமளிக்கிறது. வாடகையை நிறுத்திவைத்தல் கூட்டாகச் செய்யப்படும்போது எத்தனை வலிமை பெறும் என்பதை 1915இல் கிளாஸ்கோ நகரத் தொழிலாளர் குடும்பங்கள் காட்டின. அவர்களது வாடகை மறுப்புப் போராட்டமே அவ்வாண்டின் இறுதியில் பிரித்தானியா வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றக் காரணமாயிற்று. இந்த வழிகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: மாதாமாதம் கைமாறும் பணம். லயத்தில் அந்தப் பணம் இல்லை. காம்பரா எனப்படும் லய அறை இலவசம், அது வேலையோடு சேர்ந்து வந்தது, வேலையோடு சேர்ந்து போகக்கூடியது. தோட்டத்துரைமாரும் அவர்களது சங்கமும் பெருமையாகச் சொல்லிவந்த இந்த இலவசமே குடியிருப்பவரிடமிருந்து பேரம் பேசும் பிடியைப் பறித்துக்கொண்டது என்பது லயத்தின் வரலாற்றை எழுதியோர் போதிய அளவு அழுத்திச் சொல்லாத செய்தியாகும்.

லயத்தின் அமைப்பும் தனியொருவர் திருத்திக்கொள்வதற்கு ஏற்றதன்று. ஒரே முகட்டின் கீழ் வரிசையாகவும், பல இடங்களில் முதுகோடு முதுகாக இரண்டு வரிசையாகவும், ஏறக்குறைய பத்துக்குப் பன்னிரண்டு அடி அளவுள்ள அறைகள். ஒவ்வொன்றின் முன்னும் ஸ்தோப்பு எனப்படும் குறுகிய முன்திண்ணை. அதற்கு வெளியே கான். ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் இரத்தினபுரிப் பகுதியில் கூரைத் தகரம் முதலில் ஆணித் துளைகளைச் சுற்றியே துருப்பிடிக்கிறது. துளை பெரிதாகி நீர் மரச்சட்டத்தில் இறங்க, சட்டம் உக்கி, கறையான் ஏறி, ஆணி பிடிமானம் இழக்கிறது. அப்போது தகரத்தைக் காற்று தூக்காதிருக்கக் கல்லும் பழைய டயரும் ஏற்றி வைப்பதும், துளைகளைத் தார் பூசி அடைப்பதும், உள்ளே பொலித்தீன் கட்டுவதும் வழக்கம். முகட்டுத் தகரமோ முன்வீட்டுக்கும் பின்வீட்டுக்கும் பொதுவானது. ஒரு வீட்டார் தம் பக்கத்தை மட்டும் புதுப்பித்தால் அடுத்த பக்கத்து ஓட்டையிலிருந்து நீர் சட்டத்தின் வழியே திரும்பவும் வந்துவிடும். இருபது வீட்டுக்கு ஒரே கூரை என்பது கட்டும்போது சிக்கனம். பழுதுபார்க்கும்போது அதுவே தடை.

தொடக்க காலத்தில் பழுதான லயத்திலிருந்து வெளியேறுவதுகூடக் குற்றமாகக்கூடியதாக இருந்தது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொழில் ஒப்பந்தக் கட்டளைச்சட்டம் முன்னறிவித்தலின்றி வேலையை விட்டுச் செல்லும் தொழிலாளியைச் சிறைக்கு அனுப்ப வழிசெய்தது. இதற்கு மேலாகத் துண்டு முறை இருந்தது. தொழிலாளி தோட்டத்துக்குத் தர வேண்டிய கடனைக் குறித்துத் துரை வழங்கும் துண்டைக் காட்டி, புதிய தோட்டம் அக்கடனைக் கட்டினால் மட்டுமே ஆட்களைச் சேர்த்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடே அது. எனினும் தோட்டம் விட்டுத் தோட்டம் ஓடுதல் தொடர்ந்து நிகழ்ந்தது. ஆள் பற்றாக்குறையான ஆண்டுகளில் நல்ல லயமும் அருகிலேயே பீலித் தண்ணீரும் உள்ள தோட்டத்தைக் கங்காணிமார் நாடியதால், லயத்தைச் செப்பனிட்டு வைக்கும் தேவை துரைமாருக்குச் சட்டத்தைவிட இந்த ஓட்டத்தினாலேயே உறைத்திருக்கும் என்று கருத இடமுண்டு. துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது.

லயங்களின் பராமரிப்பைத் துரையின் சட்டக் கடமையாக்கியது 1912ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மருத்துவத் தேவைகள் கட்டளைச்சட்டம். லயங்களையும் அவற்றின் சுற்றுப்புறத்தையும் தக்க சுகாதார நிலையில் வைத்திருப்பது தோட்ட அதிகாரியின் கடமை என்று அச்சட்டம் விதித்தது. ஆனால் அக்கடமை எதை முன்னிட்டு எழுந்தது என்பது கவனிக்கத்தக்கது. கொள்ளைநோயும் கொக்கிப்புழுவும் தொழிலாளரின் உழைப்பை அரித்துக்கொண்டிருந்த காலம் அது. 1916இல் ராக்பெல்லர் நிறுவனத்தின் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் மாத்தளைத் தோட்டங்களில் தொடங்கியதும் அதே கவலையின் தொடர்ச்சிதான். ஆகவே சட்டத்தின் கண்ணில் லயம் ஒரு குடும்பத்தின் வீடாக அன்றி, நோய் பரவும் இடமாகவே தென்பட்டது. கடமை தவறினால் கேள்வி கேட்கும் அதிகாரம் அரசாங்க மருத்துவ அலுவலருக்கு இருந்தது. உள்ளே நனைந்துகொண்டிருந்தவருக்கு இல்லை. அவர் கணக்கப்பிள்ளையிடம் சொல்ல, கணக்கப்பிள்ளை துரையிடம் சொல்ல, துரை பார்வையிட வரும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. சுண்ணாம்பு அடிப்பதும் கான் வெட்டுவதும் இச்சட்டத்தால் ஓரளவு ஒழுங்காக நடந்தன. கூரை மாற்றுவது செலவுள்ள வேலை. இறப்பரும் தேயிலையும் விலை சரிந்த ஆண்டுகளில் அதுவே முதலில் தள்ளிப்போடப்பட்டது.

1923 முதல் இந்திய அரசின் முகவர் ஒருவர் கண்டியில் இருந்துகொண்டு தோட்டங்களைப் பார்வையிட்டு முறைப்பாடுகளைக் கேட்டார். அவரும் துரையின் மேல் உத்தரவு போட முடியாதவர், அறிக்கை எழுதக்கூடியவர். முறைப்பாடு கூட்டுக் கோரிக்கையாக மாறியது தொழிற்சங்கங்கள் தோட்டத்துக்குள் வேரூன்றிய 1940களில்தான். அதன்பின் தோட்டத் தலைவர், அதாவது சங்கத்தின் தோட்டக் கிளைத் தலைவர், காரியாலயத்துக்கு எடுத்துச்செல்லும் கோரிக்கைப் பட்டியலில் சம்பளத்துக்கும் பேர் வெட்டுக்கும் அடுத்து லயத் தகரமும் இடம்பெற்றது. வாடகையை நிறுத்த முடியாதவர்கள் உழைப்பை நிறுத்தலாம். ஆனால் ஒரு லயத்து ஒழுக்குக்காகத் தோட்டம் முழுவதும் வேலைநிறுத்தம் செய்வது கொசுவுக்குப் பீரங்கி தூக்குவது போலாகும் என்பதால், பழுது பற்றிய கோரிக்கை எப்போதும் பெரிய கோரிக்கைகளின் வாலாகவே தொங்கியது.

லயத்தின் மீது குடியிருப்பவருக்கு ஏதேனும் உரிமை உண்டா என்ற கேள்வி சட்டத்தின் முன் நேருக்கு நேர் வந்தது சப்ரகமுவ மாகாணத்தில்தான். கேகாலை மாவட்டத்து உந்துகொடைக்கு அருகிலுள்ள நேவ்ஸ்மியர் தோட்டத்தைக் கிராம விரிவாக்கத்துக்காக அரசு எடுத்துக்கொண்டபோது, பல காலம் அங்கு வாழ்ந்த தமிழ்த் தொழிலாளரை வெளியேறச் சொன்னது. அவர்கள் மறுத்தனர், 1946இல் அது பெரும் வேலைநிறுத்தமாயிற்று. வெளியேறாதோர் மீது அத்துமீறிப் பிரவேசித்தல் என்ற குற்றவியல் வழக்குகள் தொடரப்பட்டு, அவற்றுள் ஒன்று இலண்டனிலுள்ள கோமறைக் கழகம்வரை சென்றது. 1950இல் தீர்க்கப்பட்ட அவ்வழக்கு செல்வநாயகம் வழக்கு என அழைக்கப்படுகிறது. அதில் வரும் செல்வநாயகம் ஒரு தோட்டத் தொழிலாளி, தமிழரசுக் கட்சித் தலைவர் அல்லர். தமக்கு உரிமை இருப்பதாக உண்மையாகவே நம்பித் தம் இருப்பிடத்தில் தங்கியிருப்பவரின் முதன்மை நோக்கம் உரிமையாளரைத் தொல்லைப்படுத்துவதன்று என்பதால், அந்த நம்பிக்கை சட்டப்படி தவறானதாயினும் அவர் குற்றவாளி ஆகார் என்பது அத்தீர்ப்பின் சாரம். இது தொழிலாளியைச் சிறையிலிருந்து காத்தது. அவருக்கு வீட்டுரிமையைத் தரவில்லை. பழுதுபார்க்கக் கோரும் உரிமையைப் பற்றிய பேச்சே அதில் எழ வாய்ப்பில்லை.

அதற்குள், தோட்ட மக்களில் பெரும்பாலோரைக் குடியுரிமையற்றோராக்கிய 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் வந்துவிட்டது. வாக்கில்லாத மக்களின் கூரைக்காகக் கேள்வி எழுப்பும் தேவை எந்த நாடாளுமன்ற உறுப்பினருக்கும் இல்லாமற்போனது. 1947இல் இலங்கை இந்திய காங்கிரஸ் வென்ற ஏழு இடங்களுள் ஒன்றுகூடச் சப்ரகமுவவில் இல்லை என்பதையும் இங்கே நினைவுகொள்ள வேண்டும். தொகையிற் குறைந்து கிராமங்களிடையே சிதறி வாழ்ந்த இரத்தினபுரி, கேகாலைத் தோட்ட மக்கள் வாக்குரிமை இருந்த காலத்திலும் திரும்பிவந்த காலத்திலும் தமக்கென ஒரு பிரதிநிதியைப் பெறுவது அரிதாகவே இருந்தது.

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையானபோது வீட்டுக்காரர் மாறினார். மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் லயங்களுக்குப் பொறுப்பாயின. 1992இல் முகாமை மீண்டும் தனியார் கைக்குப் போய், பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள் நீண்டகாலக் குத்தகைக்குத் தோட்டங்களைப் பெற்றன. இதன்பின் வீட்டுக்காரர் யார் என்பதே தெளிவற்றதாயிற்று: நிலம் அரசுடையது, அனுபவம் கம்பனியுடையது, வீடமைப்பும் நலனும் இவ்விரண்டோடு தொழிற்சங்கங்களும் சேர்ந்து நடத்தும் நிதியத்தின் பொறுப்பு. 1990களின் தொடக்கத்தில் உருவாகிப் பின்னர் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் எனப் பெயர் பெற்ற அமைப்பு, வெளிநாட்டு உதவியோடு பல லயங்களுக்குக் கூரை மாற்றியது, கழிப்பறைகளும் குடிநீர்க் குழாய்களும் அமைத்தது. இவை குறைத்து மதிப்பிடத்தக்க வேலைகளல்ல. ஆனால் அவை திட்டங்களாக வந்தன. பட்டியலில் தோட்டத்தின் பெயர் இருந்தால் கூரை, இல்லாவிட்டால் அடுத்த திட்டம்வரை தார்.

பிரதேச சபையை நாடலாமே என்று கேட்கலாம். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் தோட்டக் குடியிருப்புகளுக்குள் சபைகள் பணம் செலவிடுவதற்குப் பெரும் தடையாக இருந்தது. கொடகவெல பிரதேச சபைக்கு வாக்களிக்கும் லயத்து மக்களின் கான்களையும் பாதைகளையும் செப்பனிட முனைந்தால் அது தனியார் சொத்து என்ற விடையே வரக்கூடியதாயிருந்தது. அச்சட்டம் 2018இல்தான் திருத்தப்பட்டது. அதே ஆண்டில் மலையகத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபையை நிறுவும் சட்டமும் நிறைவேறியது.

இதற்கிடையில் லயத்தின் அடிப்படை ஏற்பாடே தளர்ந்துவிட்டது. தாழ்நிலத் தேயிலையில் சிறு உடைமையாளர் மேலோங்கிய சப்ரகமுவவில், லயத்தில் வாழும் இளையோர் பலர் கடைகளுக்கும் கட்டட வேலைக்கும் கொழும்புக்கும் போகின்றனர். ஒரு வீட்டில் ஒருவர் மட்டும் தோட்டத்தின் பெயர்ப் பதிவேடான செக்ரோலில் இருப்பதும், எவருமே இல்லாதிருப்பதும் இயல்பாகிவிட்டன. பேர் பதியாத குடும்பத்தின் கூரைக்குத் தோட்டம் ஏன் செலவிட வேண்டும் என்ற வாதம் நிர்வாகத் தரப்பில் எழுகிறது. வேலைக்காகத் தரப்பட்ட வீடு என்ற பழைய கணக்கின்படி அவ்வாதத்தில் ஒரு தருக்கம் இல்லாமலில்லை. ஆனால் அதே நிர்வாகம், அக்குடும்பம் சொந்தச் செலவில் சுவரை உயர்த்தவோ ஒரு குசினியை இறக்கவோ முனையும்போது அனுமதி பெற வேண்டும் என்று நிற்கையில், கடமையின்றி உரிமையை மட்டும் வைத்துக்கொள்வதாகவே அது முடிகிறது. இன்றைய லயங்களில் காணப்படும் சீமெந்துத் தரைகளிலும் நீட்டிய ஸ்தோப்புகளிலும் பெரும்பகுதி ஊழியர் சேமலாப நிதியிலிருந்தும், வெளிநாட்டில் வீட்டுவேலை செய்யும் பெண்கள் அனுப்பும் பணத்திலிருந்தும் குடியிருப்போரே செய்தவை. செலவைக் கழித்துக்கொள்ள வாடகை இல்லாததால் அது திரும்பி வராத செலவு.

இப்போது குடியிருப்பவர் எடுக்கக்கூடிய படிகள் எவையெனில், தலைவர் மூலமோ நேரிலோ காரியாலயத்துக்கு எழுத்தில் அறிவித்துப் பிரதியை வைத்துக்கொள்ளுதல், சங்கத்தின் மாவட்டக் காரியாலயம் வழியே தொழில் திணைக்களத்துக்கு அதைத் தொழிற்பிணக்காகக் கொண்டுசெல்லுதல், மண்சரிவோ சுவர் இடிவோ அச்சுறுத்தும்போது கிராம அலுவலர், பிரதேச செயலகம் வழியே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிசோதனையைக் கோருதல் ஆகியவையே. கடைசி வழி எவ்வளவு பயன் தருகிறது என்பதில் ஐயம் உண்டு. கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மலை சரிந்து லயங்களை மூடுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, அவ்விடம் ஆபத்தானது என்று அந்நிறுவனம் எச்சரித்திருந்தது. வேறிடத்தில் வீடு கட்டித்தர வேண்டியவர் யார் என்பது தீராமலே எச்சரிக்கை கோப்பில் கிடந்தது.

கடலுக்கு அப்பால், வால்பாறையிலும் நீலகிரியிலும் இதே தேயிலையைப் பறிக்கும் தமிழ்த் தொழிலாளருக்கு 1951ஆம் ஆண்டின் இந்தியத் தோட்டத் தொழிலாளர் சட்டம், வீடு கொடுப்பதையும் பேணுவதையும் முதலாளியின் கடமையாக எழுதிவைத்தது. 1981இல் அச்சட்டத்தில் புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டு, தோட்டம் கொடுத்த வீடு இடிந்து தொழிலாளியோ குடும்பத்தினரோ இறந்தாலோ காயமுற்றாலோ, அது குடியிருப்பவரின் தவறாலோ இயற்கைச் சீற்றத்தாலோ மட்டும் நேர்ந்ததல்லாத வரையில், முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்று விதிக்கப்பட்டது. அங்கும் லயங்கள் ஒழுகுகின்றன. நடைமுறை எழுத்துக்கு வெகுதூரம் பின்தங்கியே இருக்கிறது. ஆயினும் இடிந்த சுவருக்கு ஒரு விலை குறிக்கப்பட்டு, அதைக் கேட்டுப் பெறும் உரிமை தொழிலாளியின் குடும்பத்துக்கு அளிக்கப்பட்டுள்ளது. இலங்கையின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டமோ வேலையோடு தொடர்புடைய விபத்தையே கணக்கிலெடுக்கிறது. மலையில் கொழுந்து பறிக்கையில் வழுக்கி விழுந்தவர் அதன் கீழ் வருகிறார், அன்றிரவு லயத்தில் உறங்கும்போது சுவர் விழுந்தவர் வருவதில்லை.