வேற்றுக்கிரகவாசிகள் சத்தம் ஏன் நமக்குக் கேட்கவில்லை?



கோடை விடுமுறையில் ஒரு நாள் ராத்திரி குமராட்சியில் கரண்ட் போய்விட்டது. நானும் தாத்தாவும் மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்திருந்தோம். வானம் முழுக்க நட்சத்திரம். தாத்தா திடீரென்று கேட்டார்: "ஏம்பா, இத்தனை நட்சத்திரம் இருக்கே, ஒண்ணுல கூடவா ஆளுங்க இல்ல? இருந்தா இந்நேரம் ஒரு சத்தம் கேட்டிருக்காதா?"

1950-ல் அமெரிக்காவில் என்ரிகோ ஃபெர்மி என்ற பெரிய விஞ்ஞானி மதியச் சாப்பாட்டின்போது கேட்டதும் இதே கேள்விதான். தாத்தாவுக்கு ஃபெர்மி யாரென்றே தெரியாது :-)

அன்று பதில் சொல்லத் தெரியாமல் முழித்தேன். பிறகு தேடிப் படித்தேன். பாதி பதில் தாத்தாவின் பழைய ரேடியோப் பெட்டியிலேயே இருக்கிறது!

முதலில் கேள்வியைத் திருப்பிப் போடுவோம். வேறொரு நட்சத்திரத்தில் ஒருவர் ரேடியோவை வைத்துக்கொண்டு நம் தமிழ்நாட்டைத் தேடுகிறார் என்றால், அவருக்கு எப்போது நாம் கேட்டிருப்போம்?

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் உள்ள வீராணம் ஏரி 10-ஆம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டியது. சிதம்பரம் கோயில், கல்வெட்டு, கடல் வாணிபம் என்று எவ்வளவோ நாகரிகம்! ஆனால் அந்த ரேடியோவில் சோழர் காலம் முழுக்க நிசப்தம்.

1938-ல் சென்னையிலும் 1939-ல் திருச்சியிலும் அகில இந்திய வானொலி வந்தது. அப்போதாவது கேட்டிருக்குமா? அப்போதும் சரியாகக் கேட்டிருக்காது. இவை மத்திய அலையில் ஒலிபரப்பானவை. வளிமண்டலத்தின் மேற்பகுதியில் அயனி மண்டலம் என்று ஒன்று இருக்கிறது. பகலில் அதன் கீழடுக்கு இந்த அலைகளை உறிஞ்சிவிடும். இரவில் மேலடுக்கு கண்ணாடி மாதிரி பூமிக்கே திருப்பி அனுப்பிவிடும். ராத்திரியில் தூரத்து ஸ்டேஷன்கள் எல்லாம் தாத்தாவின் ரேடியோவில் கணீரென்று கேட்டதற்குக் காரணம் இதுதான். அலை திரும்பி வந்ததால் தாத்தாவுக்குக் கேட்டது. அதனாலேயே வெளியே போகவில்லை.

அயனி மண்டலத்தைத் துளைத்துக்கொண்டு போனது டிவி. 1975 ஆகஸ்ட் 15-ல் சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியது. அந்த முதல் நாள் அலை 50 ஒளியாண்டு தாண்டிப் போய்விட்டது. சிரியஸ், வேகா எல்லாம் எப்போதோ கடந்தாயிற்று.

அப்புறம் என்ன ஆனது? கேபிள் வந்தது, டிஷ் வந்தது, இப்போது ஃபைபர். செயற்கைக்கோள் அலை பூமியைப் பார்த்து வருகிறது. ஃபைபருக்குள் போகும் ஒளி வெளியே கசியவே கசியாது. 2022-க்குள் தூர்தர்ஷன் தன் பழைய அனலாக் ஒளிபரப்புக் கோபுரங்களில் பெரும்பாலானவற்றை மூடிவிட்டது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1975-லிருந்து 2022 வரை, 47 வருஷம். ஆயிரம் வருஷ ஏரி இருக்கிற ஊரில், டிவி கோபுரம் வானத்தைப் பார்த்துச் சத்தம் போட்டது அவ்வளவுதான்! எஃப்.எம்., செல்போன் கோபுரம், ரேடார் எல்லாம் இன்னும் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் செல்போன் கோபுரத்தின் சக்தி குறைவு. டிஜிட்டல் சிக்னலோ தூரத்திலிருந்து கேட்டால் வெறும் இரைச்சல் மாதிரிதான் இருக்கும். நாம் முன்னேற முன்னேற வீண் கசிவு குறைகிறது. நம்மைவிடப் பல ஆயிரம் வருஷம் முன்னே போனவர்கள் எவ்வளவு அமைதியாக இருப்பார்கள்?

சரி, நாம் எப்படிக் கேட்கிறோம்? 1960-ல் ஃபிராங்க் டிரேக் இரண்டே இரண்டு நட்சத்திரங்களை நோக்கித் தொலைநோக்கியைத் திருப்பித் தேடலைத் தொடங்கினார். ஒன்றும் கிடைக்கவில்லை.

நம் நாட்டிலும் பெரிய காதுகள் உண்டு. ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்தில் ஒரு ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970-ல் கட்டி முடித்தார்கள். ஊட்டியின் அட்சரேகை சுமார் 11 டிகிரி. மலைச்சரிவும் அதே 11 டிகிரியாக இருக்கும் இடத்தைத் தேடிப் பிடித்தார்கள். அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்தது. அதை ஒரே அச்சில் திருப்பினாலே போதும், வானத்துப் பொருளை மணிக்கணக்கில் தொடரலாம். வேற்றுக்கிரகவாசிகளைத் தேடக் கட்டியதல்ல, ரேடியோ வானியலுக்குக் கட்டியது.

அவரே பிறகு புனே அருகே 45 மீட்டர் விட்டமுள்ள 30 டிஷ்கள் கொண்ட ஜி.எம்.ஆர்.டி.யை உருவாக்கினார். 2016 அக்டோபர் 19-ல் ஐரோப்பாவின் ஸ்கியாபரெல்லி கலம் செவ்வாயில் இறங்கியது. அதன் சிக்னலின் சக்தி சில வாட்தான். சுமார் 17.5 கோடி கிலோமீட்டர் தூரத்திலிருந்து ஜி.எம்.ஆர்.டி. அதைப் பிடித்தது! இறங்குவதற்குச் சற்று முன் சிக்னல் நின்றுபோனது. கலம் மோதி நொறுங்கியிருந்தது.

அவ்வளவு சின்ன சிக்னலைப் பிடிக்கிறவர்களுக்கு வேற்றுக்கிரகவாசி ஏன் கிடைக்கவில்லை? ஸ்கியாபரெல்லி எந்தத் திசையில், எந்த நேரத்தில், எந்த அலைவரிசையில் பேசும் என்று முன்கூட்டியே தெரியும். மற்ற நாகரிகம் விஷயத்தில் இந்த மூன்றுமே தெரியாது. தூரமும் வேறு. மிக அருகிலுள்ள நட்சத்திரமே சுமார் 40 லட்சம் கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அதே சிக்னல் அங்கிருந்து வந்தால் 5,000 கோடி மடங்கு மெலிந்துவிடும்.

2018-ல் சில விஞ்ஞானிகள் ஒரு கணக்குப் போட்டார்கள். தேட வேண்டியது பூமியின் எல்லாக் கடல் நீரும் என்றால், அதுவரை தேடியது சுமார் 7,700 லிட்டர்தான். ஒரு தண்ணீர் லாரி கூட நிறையுமோ என்னவோ!

உண்மையிலேயே யாரும் இல்லாமலும் இருக்கலாம். அதையும் மறுக்க முடியாது. ஆனால் இவ்வளவு கொஞ்சம் தேடிவிட்டு, "சத்தம் இல்லை, அதனால் ஆளே இல்லை" என்று முடிவு கட்டுவது சரியில்லை. அப்படிப் பார்த்தால் ராஜராஜ சோழனும் இருந்திருக்கவே முடியாது!

இதையெல்லாம் போனில் தாத்தாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப என் ரேடியோவ எடைக்குப் போட வேணாங்கற" என்றார்.

வேண்டாம் தாத்தா, இருக்கட்டும் :-)