சின்னப் பிள்ளையளோட ஒரு ட்ரிப்

போன கிழமை கன்ரீனில் இருந்து தேத்தண்ணி குடிக்கேக்க எங்களில் ஒருத்தி பழைய படம் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள். 2011 ஆகஸ்ட் விடுமுறை. நுவரெலியா விக்டோரியா பூங்கா. அப்பா, அம்மா, அம்மம்மா, மூன்று பிள்ளைகள். போட்டிருக்கிற சுவெட்டர் எல்லாம் இரவல். கடைசித் தம்பி குரங்குத் தொப்பிக்குள்ள முகம் தெரியாமல் நின்று அழுகிறான். யாழ்ப்பாணத்தில் விடிய நாலு மணிக்கு வானில் வெளிக்கிட்டு, இடியப்பப் பார்சலை முறிகண்டியில் பிரித்துச் சாப்பிட்டு, மலை ஏறத் தொடங்கியதும் மூன்று பேரும் மாறி மாறிச் சத்தியெடுத்து, ஒரு மாதிரிப் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள்.

"எங்கட வீட்டில எல்லாரும் ஒண்டாப் போன முதல் ட்ரிப் இது" என்றாள்.

எங்கள் பட்ச்சில் மலையகத்தைச் சேர்ந்த இன்னொருத்தி இருக்கிறாள். அவள் படத்தை வாங்கிக் கன நேரம் பார்த்தாள். "நீங்க எல்லாம் வேன்ல போறப்ப நாங்க ரோட்டோரத்துல நின்னு கை காட்டுவோம். யாரு திரும்பக் காட்டுறாங்கன்னு எண்ணிக்கிட்டே நிப்போம்" என்றாள்.

"அப்ப நீங்கள் எங்க ட்ரிப் போனனீங்கள்?" என்று கேட்டோம்.

"ட்ரிப்பா? நீங்க ட்ரிப் வர்ற எடத்துலதானே நாங்க இருந்தோம்."

எல்லோரும் சிரித்தோம். ஆனால் அந்தக் கதை எங்களை விடவில்லை. வரலாறு படிக்கிற ஆட்கள் நாங்கள். அரசர்கள், ஒப்பந்தங்கள், அரசியலமைப்புகள் என்று எவ்வளவோ எழுதியிருக்கிறோம். குழந்தை குட்டிகளோடு ஒரு குடும்பம் நாலு நாள் வெளியே போய் வருவதற்கும் ஒரு வரலாறு இருக்கும் என்று யோசித்ததில்லை. யோசித்துப் பார்த்தால், அதற்குப் பாதை வேண்டும், லீவு வேண்டும், காசு வேண்டும், திரும்பி வர வீடு வேண்டும். இந்தத் தீவில் இந்த நான்கும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கிடைத்ததே இல்லை.

வெயிலுக்குப் பயந்தவர்களின் மலை

அதற்காக, முன்னர் எங்கட ஆட்கள் பிள்ளைகளோடு பயணமே போகவில்லை என்று சொல்ல வரவில்லை. கதிர்காமத்துக்கு நடந்தார்கள். மடுத் திருவிழாவுக்குப் போய்க் காட்டுக்குள் கொட்டில் போட்டு நாள்கணக்கில் தங்கினார்கள். ஆனால் அதெல்லாம் நேர்த்திக்கடன். பள்ளிக்கூட விடுமுறையில் பிள்ளைகளைக் 'காற்று மாற்ற' மலைக்குக் கூட்டிப் போகும் பழக்கம் வேறு ஆட்களிடமிருந்து வந்தது.

1819இல் ஜோன் டேவி என்ற ஆங்கிலேய மருத்துவர் நுவரெலியாவுக்குப் போய் வந்த பிறகுதான் அந்த இடம் வெள்ளைக்காரர் கண்ணில் பட்டது. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் அங்கே தனக்கொரு மாளிகை கட்டினார். அதுதான் இன்றைய கிராண்ட் ஹோட்டலின் தொடக்கம். 1829இல் நோய்ப்பட்ட படையினருக்கான ஆரோக்கிய நிலையம் ஒன்றும் வந்தது. கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கும் மேலே உள்ள ஊர். அக்கால ஐரோப்பிய மருத்துவர்களுக்கு வெப்ப நாடு என்றாலே பயம். பெரியவர்கள் ஒரு மாதிரித் தாக்குப் பிடித்தாலும் வெள்ளைக்காரப் பிள்ளைகள் இந்த வெயிலில் வாடிப்போவார்கள் என்று நம்பினார்கள். அதனால் வசதியுள்ள குடும்பங்கள் பிள்ளைகளை ஆறு ஏழு வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலேற்றிவிட்டன. அதுவரைக்கும் குளிரான மலைக்குக் கொண்டுபோய் வைத்திருந்தார்கள்.

அந்தப் பிள்ளைகளுக்காக மலை ஒரு சின்ன இங்கிலாந்தாக மாற்றப்பட்டது. 1848இல் சாமுவேல் பேக்கர் குடியேறி ஐரோப்பிய மரக்கறிகளைப் பயிரிட்டார். 1873இல் ஆளுநர் கிரெகரி காலத்தில் வாவி வந்தது. 1876இல் ஹில் கிளப். விக்டோரியா மகாராணியின் வைர விழாவை ஒட்டி 1897இல் பூங்காவுக்கு அவருடைய பெயர். ஆக, இந்த வெப்ப நாட்டில் குடும்ப விடுமுறை என்ற பழக்கம், வெப்ப நாட்டிலிருந்து தப்பி ஓடுவதற்காகத் தொடங்கிய ஒன்று. இரவல் சுவெட்டரோடு எங்கட கூட்டாளியின் தம்பி நின்று அழுதது அந்த ஓட்டத்தின் மிச்சத்தில்தான்.

அதே மலையில் வேறு பிள்ளைகளும் இருந்தார்கள். கோப்பிக் காலத்திலிருந்தே தென்னிந்தியாவிலிருந்து வந்த குடும்பங்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மலைநாட்டுக்கு நடந்தன. வழியில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் செத்தவர்கள் ஏராளம். கண்டிக்கு 1867இலும் நானுஓயாவுக்கு 1885இலும் ரயில் வந்தது கோப்பியையும் தேயிலையையும் துறைமுகத்துக்கு இறக்குவதற்காக. சுற்றுலாப் பயணிகள் அந்தப் பாதையில் பிறகு ஏறிக்கொண்டவர்கள். 1927ஆம் ஆண்டின் இந்தியத் தொழிலாளர் சட்டம் தோட்டங்களுக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்தபோது ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று, சிறுவருக்கு ஒன்று என்று மூன்று கூலி வைத்தது. ஒரே மலை, ஒரே குளிர். ஒரு பிள்ளைக்கு அது விடுமுறை. இன்னொரு பிள்ளைக்கு அது வேலைத்தளம்.

லீவும் வாரண்டும்

சுதந்திரத்துக்குப் பிறகு விடுமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி வந்தது. 1954இன் கடை, அலுவலக ஊழியர் சட்டம் வருடத்துக்கு 14 நாள் சம்பளத்துடன் கூடிய லீவு கொடுத்தது. அரசாங்க உத்தியோகத்தருக்குக் குடும்பத்தோடு ரயிலில் போக வாரண்ட் இருந்தது. எங்கட அப்பப்பாமாரின் காலத்துக் கதைகளில் இந்த வாரண்ட் ஒரு முக்கிய பாத்திரம். கொழும்பில் கிளறிக்கல் வேலை, பள்ளிக்கூட லீவு விட்டதும் பிள்ளைகளையும் டிரங்குப் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு ஊருக்கு வருவது. 1956 ஏப்ரல் 23இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. ஆகஸ்ட் என்றால் நல்லூர்த் திருவிழா, கசூரினாக் கடல், அம்மம்மா வீட்டு மாம்பழம். அவர்களுக்கு அதுதான் ட்ரிப்.

லயன் வீட்டுக்கு இந்த வாரண்ட் போகவில்லை. பேர் போடுகிற நாளுக்குத்தான் கூலி என்றால் பிள்ளைகளோடு நாலு நாள் எங்கே போகிறது? 1948 நவம்பரில் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்து மலையகத் தமிழர் ஏழு இலட்சம் பேரளவில் நாடற்றவர்களாகினர். அடுத்த மாதம், டிசம்பர் 10இல், ஐ.நா. சபை மனித உரிமைகள் பிரகடனத்தை ஏற்றுக்கொண்டது. அதன் 24ஆம் உறுப்புரை எல்லோருக்கும் ஓய்வும் சம்பளத்துடன் விடுமுறையும் உரிமை என்கிறது. இரண்டையும் நாங்கள் வேறு வேறு பாடங்களில் படித்தோம். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை.

1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. அதன் கீழ் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்கள் ரயிலில் தலைமன்னாருக்குப் போய்க் கப்பலேறினார்கள். எங்கட மலையகக் கூட்டாளியின் பாட்டிக்கு ஒரு தங்கச்சி இருந்தாராம். அவர் சின்னப் பிள்ளைகள் மூன்று பேரோடு அப்படிப் போனவர். "ஸ்டேசன்ல புள்ளைங்க மட்டும்தான் சிரிச்சிச்சுங்களாம். அதுங்களுக்கு அதுதான் மொத ரயிலு" என்றாள்.

பாதை மூடிய காலம்

வடக்கு வீடுகளிலும் இப்படிக் கதைகள் உண்டு. 1958 கலவரத்துக்குப் பிறகு கொழும்பில் அகதியான குடும்பங்கள் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்தன. 1983இலும் அப்படியே. 1990 ஜூனில் போர் மறுபடி தொடங்க, யாழ்தேவி யாழ்ப்பாணம் வருவது நின்றது. அது திரும்பி வர 2014 ஒக்டோபர் ஆனது. 24 வருடம். எங்கட அம்மா அப்பாமாரின் இளமைக்காலம் முழுக்க அதற்குள் முடிந்துவிட்டது.

ரயில் நின்ற அடுத்த வருடம், 1991இல், சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை ஏற்றுறுதி செய்தது. விளையாட்டும் ஓய்வும் பிள்ளைகளின் உரிமை என்று அதன் 31ஆம் உறுப்புரை சொல்லும். அந்தக் கிழமைகளில் ஆனையிறவில் பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது.

1995 ஒக்டோபர் 30 இரவு. வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் தென்மராட்சிக்கு நடந்த இடப்பெயர்வு. எங்களில் ஒருவரின் அம்மாவுக்கு அப்போது பதினாறு வயது. அவரின் தம்பிக்கு ஐந்து. மழையில், நாவற்குழிப் பக்கம் சனம் நகராமல் நின்றபோது தம்பி இனி நடக்கமாட்டன் என்று குந்திவிட்டார். "ட்ரிப் போறம் அப்பன், எழும்பு" என்று அம்மா பொய் சொல்லியிருக்கிறார். தம்பி எழும்பி நடந்தார். சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் மூன்று நாள் படுத்த பிறகு கேட்டாராம்: "அக்கா, ட்ரிப் எப்ப முடியும்?" அந்த மாமா இப்போது பாரிஸில். தன் பிள்ளைகளை ஒவ்வொரு வருடமும் எங்காவது கூட்டிப் போவார். அந்த இரவைப் பற்றி மட்டும் கதைக்க மாட்டார்.

2002இல் ஏ9 திறந்தது. வெளிநாட்டுச் சொந்தங்கள் பிள்ளைகளோடு ஆகஸ்டில் வரத் தொடங்கின. போத்தல் தண்ணி, நுளம்புக் கிறீம், வெயிலுக்குத் தொப்பி. இருநூறு வருடத்துக்கு முந்தைய வெள்ளைக்காரத் தாய்மாரின் அதே பயம், இந்த முறை எங்கட மாமிமாரின் கைப்பையில். 2006 ஆகஸ்ட் 11இல் பாதை மறுபடி மூடியது. நல்லூருக்கென்று வந்து அகப்பட்டவர்களில் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்களை அந்த மாத இறுதியில் செஞ்சிலுவைக் கொடியோடு வந்த கப்பல் ஏற்றிக்கொண்டு போனது. ஒரே முற்றத்தில் விளையாடிய மச்சான்மாரில் போனவர்கள் யார், நின்றவர்கள் யார் என்பதைக் கடவுச்சீட்டின் நிறம் தீர்மானித்தது.

யார் யாரைப் பார்க்கிறது

போர் முடிந்து பாதை திறந்ததும் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாகக் குடும்பங்கள் வந்தன. நயினாதீவு விகாரைக்குப் போனார்கள். ஆனையிறவில் நிறுத்தி, போர் நினைவுச் சின்னமாக வைக்கப்பட்ட கவச புல்டோசருக்கு முன்னால் பிள்ளைகளை நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். நாங்கள் அப்போது ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள். எங்கட வீடுகளில் இது பற்றிக் கோபமாகக் கதைத்தது ஞாபகம் இருக்கிறது. 'எங்கட அழிவைப் பார்க்க வருகினம்' என்று. அந்தக் கோபம் நியாயமானது என்றுதான் இன்றும் நினைக்கிறோம். ஆனால் வந்த பிள்ளைகளுக்கு அது அவர்களுடைய முதல் கடல், முதல் பனங்கிழங்கு. அதையும் மறுக்க முடியாது.

சங்கடம் எங்கே என்றால், அதே ஆண்டுகளில் நாங்களும் வான் பிடித்து நுவரெலியா போனோம். தேயிலைத் தோட்டத்துக்குள் இறங்கி, கொழுந்துக் கூடையோடு நின்ற ஒரு அம்மாவைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தோம். பெயர் கேட்கவில்லை. றம்பொடை வளைவுகளில் பூங்கொத்தோடு குறுக்கு வழியால் ஓடி ஓடி வந்த பெடியனைப் பார்த்து வானுக்குள் கைதட்டினோம். அவனுக்கு எங்கட வயதுதான் இருக்கும். ஏன் பள்ளிக்கூட நாளில் ஓடுகிறான் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவனும் தமிழ்தான் கதைத்தான்.

ட்ரிப் போவது பிழை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. இருபது வருடம் அடைபட்டுக் கிடந்த ஒரு குடும்பம் முதல் தரம் எல்லோருமாக மலை பார்க்கப் போனது சின்ன விசயம் இல்லை. அந்தப் படத்தில் அம்மம்மா சிரிக்கிற சிரிப்பை வேறு எந்தப் படத்திலும் நாங்கள் கண்டதில்லை என்று கூட்டாளி சொல்கிறாள். ஆனால் நாங்கள் காட்சிப்பொருளாக்கப்பட்டபோது வலித்ததென்றால், நாங்கள் மற்றவர்களைக் காட்சியாக்கியதையும் சேர்த்து எழுதவேண்டும். ஒன்றை மட்டும் எழுதினால் அது வரலாறு இல்லை.

இந்த விடுமுறைக்கு நீங்களும் ஒன்று செய்து பாருங்கள். வீட்டில் இருக்கிற பழைய ட்ரிப் படமொன்றை எடுத்து, அம்மம்மாவிடமோ அப்பப்பாவிடமோ கேளுங்கள். எப்படிப் போனீங்கள், காசு எங்கால வந்தது, யார் வரமுடியாமல் நின்றது, படத்தின் ஓரத்தில் நிற்கிறது யார்? சொல்கிறதை எழுதி வையுங்கள்.

எங்கட மலையகக் கூட்டாளியின் அக்காவுக்கு நாலு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். இன்னும் கடலைக் காணவில்லை. வருகிற மாதம் அவர்கள் எல்லோரும் ரயிலேறி யாழ்ப்பாணம் வருகிறார்கள். படத்தைக் கொண்டுவந்தவளின் வீட்டில்தான் தங்கப்போகிறார்கள். வெயில் கூடவாயிருக்கும், தொப்பி கொண்டு வரச் சொல்லியிருக்கிறோம். தொப்பி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இரவல் குடுக்கலாம்.