கடல் கொண்ட நிலமும் நிலம் கொண்ட கடலும்: இலெமூரியாக் கருதுகோளும் சேலம், நாமக்கல் பாறைகளும்

ஆய்வுச் சுருக்கம்

இலெமூரியாக் கருதுகோளை ஈன்ற நிலவியல் பின்னர் அதனைக் கைவிட்டது. தமிழ் வரலாற்றெழுத்தில் அது நிலைத்துவிட்டது. அக்கருதுகோளை, சேலம், நாமக்கல் பாறைகள் தரும் சான்றுகளுடன் இக்கட்டுரை ஒப்பிட்டு ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: இலெமூரியா, குமரிக்கண்டம், கண்டப்பெயர்ச்சி, கோண்டுவானா, சித்தம்பூண்டி.

முன்னுரை

கடல்கோள் பற்றிய செய்திகள் இறையனார் களவியல் உரையிலும், அடியார்க்கு நல்லாரின் சிலப்பதிகார உரையிலும் விரிவாக இடம்பெற்றுள்ளன. அடியார்க்கு நல்லார், கடல் கொண்ட நிலத்தை 49 நாடுகளாகப் பகுத்துரைக்கிறார். இவ்வுரைச் செய்திகள் 20ஆம் நூற்றாண்டில் மேலைநாட்டு நிலவியல் கருதுகோள் ஒன்றுடன் இணைக்கப்பட்டன. அவ்விணைப்பின் அடிப்படை மீளாய்வுக்குரியது.

இலெமூரியாவின் தோற்றமும் மறைவும்

மடகாஸ்கரின் லெமூர் இனங்களுக்கும் ஆப்பிரிக்க, இந்திய விலங்குகளுக்கும் உள்ள உறவை விளக்க, 1864இல் விலங்கியலாளர் பிலிப் ஸ்கிலேட்டர் ‘இலெமூரியா’ என்னும் கண்டத்தைக் கற்பித்தார். 1875இல் பிளான்ஃபோர்டு, தாவரப் புதைபடிவங்களின் ஒற்றுமையைக் கொண்டு இந்தியாவையும் ஆப்பிரிக்காவையும் இணைத்த நிலப்பகுதி ஒன்றை முன்மொழிந்தார். கண்டங்கள் இடம்பெயரா எனக் கருதப்பட்ட அக்காலத்தில், இடைநிலம் மூழ்கியது என்பதே பொருத்தமான விளக்கமாகத் தோன்றியது.

1912இல் ஆல்ஃபிரட் வெகெனர் கண்டப்பெயர்ச்சிக் கொள்கையை வெளியிட்டார். கடற்றளம் விரிவடைவது 1960களில் உறுதிப்பட்டபின் அக்கொள்கையின் மையக்கருத்து ஏற்கப்பட்டது. கண்டப் பாறை கடற்றளப் பாறையினும் அடர்த்தி குறைந்தது. ஆகவே பெருங்கண்டம் ஒன்று கடலடியில் அமிழ்ந்தது என்னும் விளக்கம் வலுவிழந்தது.

சேலம், நாமக்கல் பாறைகள்

ஸ்கிலேட்டர் எழுதிய அதே பத்தாண்டில் வில்லியம் கிங்கும் இராபர்ட் புரூஸ் ஃபூட்டும் சேலம் மாவட்டப் பாறைகளை ஆய்ந்து பதிவுசெய்தனர். கஞ்சமலையின் காந்த இரும்புக்கல், சேலத்து வெள்ளைக்கல், சேர்வராயன் மலையின் சார்னோக்கைட்டு ஆகியவை இந்நிலத்தின் தொன்மைக்குச் சான்றுகள். நாமக்கல் மாவட்டச் சித்தம்பூண்டியின் அனார்த்தோசைட்டு ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையுடையது. நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்திருப்பதால், சந்திரயான்-2 சோதனைக்கான செயற்கை நிலவு மண் இப்பகுதிப் பாறையைக் கொண்டு உருவாக்கப்பட்டது.

பாலக்காட்டுக் கணவாயிலிருந்து காவிரியையொட்டிக் கிழக்கே செல்லும் பட்டையில், பாறைகள் நசுங்கி இழுபட்டுக் காணப்படுகின்றன. இரு நிலப்பகுதிகளுக்கு இடையே இருந்த பழங்கடல் மூடிக்கொண்ட தழும்பு இது என நிலவியலாளர் பலர் கருதுகின்றனர். கோண்டுவானாப் பெருங்கண்டம் ஒன்றுகூடிய ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் இது நிகழ்ந்தது என்பர் ஒரு சாரார். 250 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டதென்பர் மற்றொரு சாரார். காலத்தில் கருத்து வேறுபாடு உண்டெனினும், இங்கு நிலங்கள் மோதி இணைந்தன என்பதில் இரு சாராரும் உடன்படுகின்றனர்.

கால அளவு

இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்து ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகள் ஆகின்றன. மனித இனத்தின் வயதோ ஏறத்தாழ 3 இலட்சம் ஆண்டுகளே. எனவே கண்டப் பிரிவை மனிதர் நினைவில் வைத்திருக்க இயலாது. எனினும், உரைகாரர் கூற்று முழுதும் பொருளற்றது என்பது இதன் முடிபன்று. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றையினும் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பனியுருகலால் பின்னர்க் கரையோர நிலங்கள் மூழ்கின. கடல்கோள் மரபுக்கு நிலவியல் அடிப்படை தேடுவோர், கண்ட அளவில் அன்றிக் கரையோர அளவிலேயே தேடுதல் தகும்.

முடிவுரை

கடல் கொண்ட நிலத்திற்கு இந்நாள்வரை கிட்டாத பாறைச்சான்று, நிலம் கொண்ட கடலுக்குக் காவிரிக் கரையில் கிடைக்கிறது. தமிழ்நிலத்தின் தொன்மையை நிறுவக் கற்பனைக் கண்டம் தேவையில்லை. அத்தொன்மை சேலம், நாமக்கல் பாறைகளில் பதிந்துள்ளது. கல்லுடைப்பில் கரையும் இப்பாறைகளை ஏட்டுச்சுவடிகளுக்கு நிகரான மூலச்சான்றுகளாகக் கொள்வதும், உரைமரபை அதற்குரிய கால அளவில் வைத்து ஆய்வதும் தமிழாய்வின் கடன்களாகும்.