இறங்காத சுருதி

பாட்டு பாடகரின் தொண்டைக்கு எட்டவில்லை என்றால் சுருதியைக் கொஞ்சம் இறக்கிக்கொள்வது எங்கும் உள்ள வழக்கம். ‘ஸ்பார்க்ஸ்’ குழுவின் ரான் மெய்ல் இறக்க மாட்டேன் என்றார். பியானோவில் ஏ ஸ்கேலில், நம் ஊர்க் கணக்கில் ஆறு கட்டையில், அவர் ஒரு பாட்டு போட்டார். பாடவேண்டியவர் தம்பி ரஸ்ஸல். பாட்டு எந்தக் கட்டையில் பிறந்ததோ அதில்தான் பாடியாக வேண்டும் என்பது அண்ணனின் கட்டளை. ரஸ்ஸல் பொய்க்குரலில் உச்சிக்கு ஏறினார். 1974இல் வந்த ‘கிமோனோ மை ஹவுஸ்’ ஆல்பத்தின் அந்த விசித்திரக் குரல் உருவானது இப்படித்தான்.

சகோதரர்கள் இருவரும் லாஸ் ஏஞ்சலஸ்காரர்கள். காதெல்லாம் கின்க்ஸ், தி ஹூ போன்ற இங்கிலாந்துக் குழுக்கள் மீது. அமெரிக்காவில் போட்ட முதல் இரண்டு ஆல்பங்களும் விலைபோகவில்லை. 1973இல் கூட இருந்த வாத்தியக்காரர்களை ஊரிலேயே விட்டுவிட்டு லண்டனுக்குப் போனார்கள். ஐலண்ட் ரெகார்ட்ஸ் ஒப்பந்தம் கொடுத்தது. ‘மெலடி மேக்கர்’ பத்திரிகையில் விளம்பரம் போட்டு ஆள் தேடினார்கள். மார்ட்டின் கார்டன் பாஸ் கிட்டாருக்கும், ஏட்ரியன் ஃபிஷர் கிட்டாருக்கும், டிங்கி டயமண்ட் டிரம்ஸுக்கும் வந்து சேர்ந்தார்கள். தயாரிப்புப் பொறுப்பு மஃப் வின்வுட்டுக்கு.

காலமோ கெட்ட காலம். நிலக்கரித் தொழிலாளர் போராட்டத்தால் மின்சாரம் போதாமல், 1974 தொடக்கத்தில் பிரிட்டன் தொழிற்கூடங்களை வாரம் மூன்று நாள் மட்டும் இயக்கிக்கொண்டிருந்தது. எண்ணெய் நெருக்கடியால் இசைத்தட்டுக்கான வினைலுக்கும் தட்டுப்பாடு. அதற்கு நடுவில்தான் ஒலிப்பதிவு நடந்தது.

ரான் இறக்க மறுத்த அந்தப் பாட்டுதான் முதல் சிங்கிள், ‘திஸ் டவுன் எய்ன்ட் பிக் இனஃப் ஃபார் போத் ஆஃப் அஸ்’. கௌபாய் படத்து வசனம் போன்ற தலைப்பு. நடுவே துப்பாக்கிச் சத்தம் வேறு. இது எடுபடுமா என்று வின்வுட்டுக்கே சந்தேகம். நண்பர் எல்டன் ஜானிடம் போட்டுக்காட்டியபோது, நிச்சயம் ஹிட் என்று அவர் பந்தயம் கட்டியதாக வின்வுட் பின்னாளில் சொன்னார்.

மே மாதம் பிபிசியின் ‘டாப் ஆஃப் தி பாப்ஸ்’ நிகழ்ச்சியில் அவர்களைப் பார்த்த பிரிட்டன் அசந்துபோனது. ஜிகினாவும் உயரக் குதிகால் செருப்புமாகப் பாடகர்கள் மின்னிய காலம் அது. சுருள்முடி ரஸ்ஸல் மேடையெங்கும் துள்ள, ரான் படிய வாரிய தலையும் சதுர மீசையுமாகக் கீபோர்டின் பின்னால் அசையாமல் உட்கார்ந்து கேமராவை முறைத்தார். பிரிட்டன் தரவரிசையில் சிங்கிள் 2ஆம் இடத்துக்கும், ஆல்பம் 4ஆம் இடத்துக்கும் ஏறின.

உறையிலும் அதே வீம்பு. முன்பக்கத்தில் குழுவின் பெயரும் இல்லை, ஆல்பத்தின் பெயரும் இல்லை. ஒப்பனை கலைந்த இரண்டு ஜப்பானியப் பெண்கள் மட்டுமே. பாட்டுகளும் அப்படித்தான். ஒன்றில், சேர்ந்து சாகலாம் என்று காதலியோடு பேசிவைத்து முதலில் குதித்தவன், அவள் வராததால் சொர்க்கத்தில் தனியாகக் காத்திருக்கிறான். இன்னொன்றில், சிறுவன் ஐன்ஸ்டைனை வீட்டார் பொத்திப் பொத்தி வளர்க்கிறார்கள். சிரிக்கவைத்தபடியே வலிக்கும் இடத்தைத் தொட்டுவிடுவார் ரான்.

2014 டிசம்பரில் லண்டன் பார்பிகன் அரங்கில் 35 பேர் கொண்ட வாத்தியக் குழுவோடு ஆல்பம் முழுவதையும் சகோதரர்கள் மேடையேற்றினார்கள். ஜிகினா மோகம் 70களோடே அடங்கிப்போனது. இந்த ஆல்பம் அதோடு போகவில்லை; இதன் கிறுக்கு இருந்தது உடையில் அல்ல, மெட்டில்.