கொஞ்ச நாளைக்கு ஓர் அறை: திருவல்லிக்கேணியும் ஏர்வாடியும்

சென்னை திருவல்லிக்கேணியின் பழைய மேன்ஷன் அறைக்கும், ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி தர்காவைச் சுற்றியுள்ள வாடகை அறைக்கும் அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. பெட்டி, படுக்கை, துணிக்கொடி எல்லாம் அந்த ஓர் அறைக்குள்தான். இரண்டு இடத்திலும் 'கொஞ்ச நாளைக்குத்தான்' என்று சொல்லித்தான் குடிவருகிறார்கள். அது மாதங்களாக, சிலருக்கு வருடங்களாக நீண்டாலும், வாடகைக் கணக்கு தற்காலிகமாகவே நிற்கிறது.

மேன்ஷனுக்கு வருபவர் தனி ஆள். வேலை, போட்டித் தேர்வு, சினிமா வாய்ப்பு என்று ஏதோ ஒன்றைத் தேடி வந்தவர். கல்யாணமாகாதவருக்கு வீடு தர மறுக்கும் நகரத்தில், அவரை மட்டுமே நம்பி நடக்கும் கட்டடங்கள் இவை. காலையில் பொதுக் குளியலறை வாசலில் பக்கெட்டுகள் வரிசை பிடிக்கும். சாப்பாடு பக்கத்துத் தெரு மெஸ்ஸில். ஒருவர் காலி செய்தால் கட்டில் ஊர்க்காரர் ஒருவருக்குக் கைமாறும்.

ஏர்வாடிக்கு வருவது குடும்பம். சுல்தான் சையது இப்ராகிம் ஷஹீது அடங்கிய தர்காவில் மனநோய் தீரும் என்ற நம்பிக்கையோடு எல்லா மதத்தவரும் வருகிறார்கள். மகனுக்குத் துணையாகத் தாய், மனைவிக்குத் துணையாகக் கணவன். சமையலும் அந்த அறையின் மூலையிலேயே. மேன்ஷன்காரர் வேலையோ கல்யாணமோ கூடிவந்தால் கிளம்புவார். இங்கே பலர், கிளம்பலாம் என்று கனவில் 'உத்தரவு' கிடைக்கும்வரை காத்திருக்கிறார்கள்.

பணக் கணக்கும் எதிரெதிர். மேன்ஷனில் மாத வாடகை. சம்பாதிக்க வந்தவர் சம்பளத்திலிருந்து கொடுக்கிறார். ஏர்வாடியில் பெரும்பாலும் நாள் வாடகை. அதைக் கொடுப்பவர் வேலையை விட்டுவிட்டு வந்தவர். நோயாளியின் வருமானம் ஏற்கெனவே நின்றிருக்கும், துணைக்கு வந்தவரின் கூலியும் நின்றுவிடும். ஒரு நாளைக்குச் சிறிதாகத் தெரியும் தொகை, மாதக் கடைசியில் ஒரு வீட்டு வாடகையை எட்டிவிடும்.

சட்டம் இருவரையும் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. தமிழ்நாட்டின் 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், ஹோட்டல், போர்டிங் அறைகளைக் 'கட்டடம்' என்ற வரையறையிலேயே சேர்க்கவில்லை. அதற்குப் பதிலாக 2019இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் எழுத்து ஒப்பந்தத்தை வலியுறுத்துகிறது. ஆனால் விடுதி அறை அதற்கும் வெளியேதான். ஓரிரவுப் பயணிக்கு வகுத்த விலக்கு, வருடக்கணக்கில் தங்குபவர் மேலும் விழுகிறது.

இந்த நிச்சயமின்மைக்கு இருவரும் கொடுக்கும் விலை ஒன்றல்ல. மேன்ஷன்காரரின் அறைச் சாவி அவர் பாக்கெட்டில் இருக்கிறது. பிடிக்காவிட்டால் அடுத்த சந்துக்குப் போகலாம், தீப்பிடித்தால் ஓடலாம். ஏர்வாடியில் கதவைப் பூட்டுவதும் திறப்பதும் நோயாளியின் கையில் இருப்பதில்லை. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அங்கே தனியார் காப்பகம் ஒன்றின் கீற்றுக் கொட்டகை எரிந்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் நகர முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அப்படிப்பட்ட காப்பகங்கள் மூடப்பட்டன. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்தது. ஏர்வாடியில் 'தவா-துவா' (மருந்தும் பிரார்த்தனையும்) திட்டத்தில் பிரார்த்தனையோடு மாத்திரையும் கிடைக்கிறது.

மருந்துக்கு வழி பிறந்துவிட்டது. அறைக்கு இன்னும் பிறக்கவில்லை. காப்பகங்கள் மூடப்பட்டு, குடும்பமே காப்பாளர் என்றான பிறகு, குடும்பம் எடுக்கும் அறைதான் சிகிச்சை இடம். மேன்ஷன்காரருக்கு ரசீதும் ஒழுங்கான குளியலறையும் கிடைத்தால் பெருமளவு போதும். ஏர்வாடிக் குடும்பத்துக்கோ மாதக் கணக்கில் குறைந்த வாடகை, வெளியே தாழிடப்படாத கதவு, சமையலுக்குத் தனி இடம், அவசரத்துக்கு இரண்டாவது வழி என எல்லாமே தேவை. இரண்டையும் 'லாட்ஜ்' என்ற ஒரே பட்டியலில் அடைப்பது அதிகாரிகளுக்கு வசதி. ஆனால் தங்குபவர் யார், எத்தனை நாள், அவரால் தானாக வெளியே வர முடியுமா என்ற மூன்றையும் கேட்டுத்தான் ஓர் அறைக்கு உரிமம் கொடுக்க வேண்டும்.